சணலும் மின்காந்த அலையும்

ஜகதீஷ் சந்திர போஸ் 1858-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் வங்காளத்தில் பிறந்தார். தந்தையார் அரசுப் பணியில் உயர்நிலையில் இருந்தும், மகனை முதலில் தாய்மொழிப் பள்ளியிலேயே சேர்த்தார். பின்னர் போஸ் கல்கத்தாவிலும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜிலும் பயின்றார்.

1885-இல் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். ஒரே பணியைச் செய்த ஐரோப்பியரைவிட இந்தியருக்கு அந்நாளில் குறைந்த ஊதியமே வழங்கப்பட்டது. அதனை ஏற்க மறுத்த போஸ், மூன்றாண்டுகள் ஊதியம் பெறாமலேயே பாடம் நடத்தினார். இறுதியில் முழு ஊதியமும் நிலுவையுடன் அவருக்குக் கிடைத்தது.

கல்லூரியில் அவருக்குத் தக்க ஆய்வுக்கூடம் இல்லை. சிறிய அறையொன்றில், உள்ளூர்த் தகரத் தொழிலாளி ஒருவரைப் பழக்கிக் கருவிகளை உருவாக்கினார். அவற்றைக் கொண்டு, சில மில்லிமீட்டர் நீளமே உடைய மின்காந்த அலைகளை எழுப்பினார். 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில், கண்ணுக்குப் புலனாகாத அலைகள் சுவரை ஊடுருவிச் சென்று மணியை ஒலிக்கச் செய்தன.

இரு பொருள்கள் சந்திக்கும் எல்லையில் அலை எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதையும் போஸ் ஆராய்ந்தார். முப்பட்டகத்தினுள் முழு எதிரொளிப்பு அடையும் அலை, முற்றிலும் திரும்பிவிடுவதாகவே தோன்றும். ஆயினும் அதன் ஒரு கூறு எல்லைப் பரப்பை ஒட்டி வெளியே சிறிது தொலைவு பரவி நிற்கும். மற்றொரு முப்பட்டகத்தை மிக அருகில் வைத்தால், அலையின் ஒரு பகுதி இடைவெளியைக் கடந்து அதனுள் புகும். ஒளியைப் பொறுத்தவரை இவ்விடைவெளி மிக நுண்ணியது. போஸின் அலைகளுக்கோ கண்ணால் காணுமளவு பெரியது. ஆதலால் 1897-இல் இடைவெளியின் விளைவை அவரால் அளந்தறிய முடிந்தது.

மறு ஆண்டில் வங்காளத்துச் சணலே ஆய்வுப் பொருளாயிற்று. முறுக்கிய சணல் கட்டுகளின் ஊடே அலைகளைச் செலுத்தினார். சர்க்கரைக் கரைசல் ஒளியின் அதிர்வுத் தளத்தைத் திருப்புவதுபோல, அவை அலையின் தளத்தைத் திருப்பின. வலமாக முறுக்கியவை ஒருபுறமும், இடமாக முறுக்கியவை எதிர்ப்புறமும் திருப்பின. அமைப்பினாலேயே புதுப்பண்பு பெறும் இக்காலச் செயற்கைப் பொருள்களுக்கு இச்சோதனை முன்னோடியாகும்.

1968-இல் ஜெர்மானிய அறிஞர் ஆண்ட்ரியாஸ் ஓட்டோ, முப்பட்டகத்துக்கும் வெள்ளிப் பரப்புக்கும் இடையே நுண்ணிய இடைவெளி விட்டு, உலோகப் பரப்பை ஒட்டி ஊர்ந்து செல்லும் அலைகளை எழுப்பினார். அவர் பயன்படுத்தியதும் போஸ் அளந்த அதே விளைவே.

1917-இல் கல்கத்தாவில் தம் பெயரால் ஆராய்ச்சி நிலையம் நிறுவிய போஸ், 1937 நவம்பர் 23-ஆம் நாள் மறைந்தார். வசதிகள் குறைந்த இடத்திலும் அறிவு தன் வழியைத் தானே அமைத்துக்கொள்ளும் என்பதற்கு அவர் வாழ்வு சான்றாகும்.

வினாக்கள்
1. போஸ் மூன்றாண்டுகள் ஊதியம் பெறாதது ஏன்?
2. சணல் கட்டுகளைக் கொண்டு அவர் கண்டறிந்தது யாது?