சாட்சியை வினவக் கற்பித்த குவின்டிலியன்

நியாயவாதிக்கு நாவன்மை வேண்டுமென்பது யாவரும் அறிந்ததே. கேட்கவும் வினவவும் அறியாதவனுக்கு அந்நாவன்மையாற் பெரும்பயனில்லை என்பதை உணர்ந்து, மாணாக்கர்க்கு முறையாகப் போதித்தவர் உரோமாபுரி ஆசிரியர் குவின்டிலியன்.

இவர் கி. பி. 35ஆம் ஆண்டளவில் ஸ்பெயின் தேசத்துக் கலகுர்ரிஸ் என்னும் ஊரிற் பிறந்தார். வாலிபத்தில் தொமீஷியஸ் ஆபர் என்னும் முதிய வழக்கறிஞரை அடுத்திருந்து பழகினார். சாட்சிகளைப் பற்றியே இரண்டு நூல்கள் இயற்றியவர் அம்முதியவர்; அவை இறந்துபட்டன. 68ஆம் ஆண்டிற் கால்பாவுடன் உரோமைக்கு வந்த குவின்டிலியன், இருபது ஆண்டுகள் அங்கே சொற்கலை கற்பித்தார். அரசாங்கப் பொக்கிஷத்திலிருந்து சம்பளம் பெற்ற முதல் ஆசிரியர் இவரே என்பர். இளைய பிளினி இவருடைய மாணாக்கர். தாமும் மன்றேறி வழக்குரைத்ததுண்டு. பெர்னீக்கேயாள் அரசிக்காக, அவள் முன்னிலையிலேயே வாதித்தார். செசரியாவிற் பவுலடியார் தம் நியாயத்தை எடுத்துரைத்தபோது உடனிருந்து கேட்டவளும் இவ்வரசியே.

பள்ளியினின்று ஓய்வு பெற்றபின் இவர் எழுதிய சொற்கலைப் பயிற்சி நூல் பன்னிரண்டு பாகங்களுடையது. அதன் ஐந்தாம் பாகத்திற் சாட்சிகளைப் பற்றி ஓர் அதிகாரம் உண்டு. எழுத்து மூலமான வாக்குமூலத்தை எதிர்ப்பது எளிது என்கிறார். சிலர் முன்னிலையிற் கையெழுத்திடுவோனுக்கு, மன்றத்தில் நின்று பேசுவோனுக்குள்ள நாணம் இராதாம். நம் பக்கத்துச் சாட்சியாயினும், எதிரி வக்கீல் கேட்கக்கூடியவற்றையெல்லாம் முன்னதாகவே நாம் கேட்டுப் பார்த்தல் வேண்டும். இன்றேல் அவன் மன்றத்தில் முன்னுக்குப்பின் முரணுவான். உண்மை கூற விரும்பாதவனிடம் நேரே கேட்டலாகாது. வழக்குக்குத் தொடர்பற்றவை போலத் தோன்றும் வினாக்களிலே தொடங்கி, மறுக்க வழியில்லாத இடத்திற்குப் படிப்படியாகக் கொண்டுவருதல் வேண்டும். இதற்குச் சாக்ரட்டீசு மரபினர் எழுதிய உரையாடல்களையே பயிற்சி நூலாக ஏற்படுத்துகிறார்.

கட்சிக்காரரிடம் கேட்பதிலோ இவர் காட்டும் பொறுமை வியக்கத்தக்கது. அவர் எவ்வளவு நேரம் பேசினும் பேச விடவேண்டும். மீண்டும் ஒருமுறை சொல்லச் செய்யவேண்டும். பிறகு எதிர்க்கட்சியின் வேடம் பூண்டு நம்பாதவர்போல் மறுத்துக் கேட்கவேண்டும். வேண்டாததைக் கேட்டலால் வருங் கேட்டினும், வேண்டியதை அறியாமையால் வருங் கேடே பெரிதன்றோ!

ஆயினும், அஞ்சுவோனை மிரட்டலாம், பேதையை ஏமாற்றலாம், சினமுடையோனைத் தூண்டலாம் என்றும் அதே அதிகாரங் கூறுகின்றது. நல்லவனாயிருப்பவனே நாவலனாகக்கூடும் என்று நூல் முழுதும் வற்புறுத்துபவர் இவ்வாறு கூறலாமோ? நல்லோனும் சிலவேளை நீதிபதியிடம் உண்மையை மறைக்க நேரும் என்று பன்னிரண்டாம் பாகத்தில் அமைதி கூறுகிறார். அவ்வமைதி எமக்கு நிறைவளிக்கவில்லை. அஞ்சி நடுங்கும் ஏழைச் சாட்சி பொய்யனாகவே இருப்பான் என்பது என்ன நிச்சயம்? எனினும், தம் முறையின் கூர்மையை ஒளியாது வெளிப்படையாக எழுதியமையாலன்றோ நாம் இன்று அவரோடு வாதாட இயலுகின்றது!

இந்நூலை அவர் எழுதிய காலம் துயர் மிக்கது. மனைவி பத்தொன்பது வயது நிரம்பாமலே இறந்திருந்தாள். இளைய மைந்தன் ஐந்து வயதில் மாண்டான். இந்நூலைத் தம் மூத்த மைந்தனுக்கு உரிய செல்வமாக விட்டுச்செல்ல எண்ணியிருந்தார். அவனும் பத்தாம் வயதில் இறந்தான். சாட்சிகளைப் பற்றிக் கூறும் ஐந்தாம் பாகத்தை அடுத்துவரும் ஆறாம் பாகத்தின் முகவுரை அம்மைந்தனுக்கான புலம்பலே. அதன்பின்னும் எழுதுகோலை விடாது, எஞ்சிய பாகங்களை எழுதி முடித்தார்.