பேட்டரி இல்லாத குட்டி சிப்: டாக்டர் ஆக முடியாத ஜெகதீஷ் சந்திர போஸுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பேஸ்மேக்கர் போன்ற கருவிகளில் பேட்டரிதான் பெரிய இடத்தை அடைத்துக்கொள்கிறது. அதை எடுத்துவிட்டு, ரேடியோ அலை வழியாகவே மின்சாரம் கொடுத்தால்? அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் அடா பூன் குழு 2012-ல் அதைத்தான் செய்து காட்டியது. 3 மி.மீ அகலம், 4 மி.மீ நீளமுள்ள சிப். திரவத்துக்குள் நொடிக்கு அரை செ.மீ வேகத்தில் தானாகவே நகர்ந்தது.

இவ்வளவு சின்னதாக்க முடிந்தது எப்படி? அலைநீளம் குறைந்தால் ஆன்டெனாவும் சின்னதாகலாம். 1890-களிலேயே கொல்கத்தாவில் இதைக் கையில் எடுத்தவர் போஸ்.

யார் இவர்?

1858-ல் மைமன்சிங்கில் பிறந்தார். 1880-ல் மருத்துவம் படிக்க லண்டன் போனார். விடாத காய்ச்சல், பிரேதப் பரிசோதனை அறையின் வாடை அதை இன்னும் மோசமாக்கியது. மருத்துவத்தை விட்டுட்டு கேம்பிரிட்ஜில் அறிவியல் படித்தார்.

1885-ல் பிரசிடென்சி கல்லூரியில் வேலை. ஐரோப்பியர்களைவிட இந்தியர்களுக்குச் சம்பளம் குறைவு. அப்படின்னா சம்பளமே வேண்டாம் என்று மூன்று வருடம் வாங்காமல் பாடம் நடத்தினார். கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து, நிலுவையோடு முழுச் சம்பளம் கொடுத்தது.

என்ன செய்தார்?

ஹெர்ட்ஸ் பயன்படுத்திய அலைகள் மிக நீளமானவை. போஸ் அதை சுமார் 5 மி.மீ வரை சுருக்கினார்; கருவிகள் மேசைக்குள் அடங்கின. 1895-ல் கொல்கத்தாவில், சுவர்களைத் தாண்டிப் போன அலையால் மணி அடிக்க வைத்தார், வெடிமருந்தைப் பற்ற வைத்தார். ஒரு விஷயம்: அந்த அலை சுமந்தது சிக்னலை மட்டுமே. இன்றைய சிப்புக்கு அலை மின்சாரத்தையே தருகிறது.

பெயர் யாருக்கு?

காப்புரிமையில் போஸுக்கு ஆர்வமே இல்லை. நண்பர்கள் வற்புறுத்தியதால் 1901-ல் விண்ணப்பித்த அமெரிக்கக் காப்புரிமை 1904-ல் கிடைத்தது. ஆனால் அதை வைத்து அவர் சம்பாதிக்கவில்லை. கம்பியில்லாத் தந்திக்கான நோபல் 1909-ல் மார்கோனிக்கும் பிரவுனுக்கும் போனது. 1901-ல் மார்கோனி அட்லாண்டிக் கடந்து பெற்ற சிக்னலைப் பிடித்தது போஸ் 1899-ல் வெளியிட்ட பாதரசக் கருவியின் வடிவம்தான் என்று 1998-ல் ஐஇஇஇ இதழ்க் கட்டுரை ஒன்று வாதிட்டது. அப்போது போஸ் இறந்து 60 வருடம் ஆகியிருந்தது.

1917-ல் கொல்கத்தாவில் போஸ் ஆய்வகத்தைத் தொடங்கினார். 1937-ல் கிரிதியில் காலமானார். டாக்டர் ஆகணும்னு கிளம்பியவர் அவர். கருவியைச் சின்னதாக்க அலையைச் சுருக்கு என்ற அவருடைய வழி, இன்று மருத்துவத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறது.