இருபத்தோராண்டு வாழ்ந்த டங்கன் எட்வர்ட்ஸ்

நம் கல்லூரியில் மூன்றாமாண்டு படிக்கும் ஒருவருக்கு என்ன வயதிருக்கும்? இருபது; மிஞ்சினால் இருபத்தொன்று. அந்த வயதுக்குள் தம் நாட்டுக்காக 18 முறை ஆடி, தம் கழகம் இருமுறை லீக் பட்டம் வெல்லத் தோள் கொடுத்து, மண்ணுக்குள்ளும் போய்விட்டார் ஓர் ஆங்கிலேய இளைஞர். டங்கன் எட்வர்ட்ஸ் என்பது அவர் பெயர்.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், இரும்பும் நிலக்கரியுமாய்ப் புகை சூழ்ந்த ஊர் டட்லி. அங்கே 1936 அக்டோபர் முதல் நாள் அவர் பிறந்தார். தந்தை கிளாட்ஸ்டன் தொழிற்சாலைத் தொழிலாளி. தாய் சாரா ஆன். அவருக்குப் பின் பிறந்த ஒரே தங்கை 1947-இல் மூன்று மாதக் குழந்தையாகவே இறந்துவிட்டாள். அதன்பின் அவ்வீட்டில் அவர் ஒருவரே பிள்ளை.

பள்ளி நாளில் அவருக்குப் பந்தாட்டத்தோடு இன்னொன்றும் நன்றாக வந்தது. காலில் சலங்கை கட்டி, கையில் கைக்குட்டை வீசி ஆடும் மாரிஸ் என்ற நாட்டுப்புற நடனம் அது. அதில் தேசிய விழாவில் ஆடும் அளவுக்குத் தேறிவிட்டார். ஆனால் விழா நடந்த நாளும் பள்ளி மாணவர் கால்பந்துத் தேர்வு நடந்த நாளும் ஒன்றாகிவிட்டன. பையன் பந்தின் பக்கம் போனான். பருத்த உடம்போடு அத்தனை லாகவமாகத் திரும்பக் கூடியவராக அவர் பின்னாளில் விளங்கியதற்கு அந்தச் சலங்கைக்கும் பங்கு உண்டு என்றே எனக்குத் தோன்றுகிறது.

பக்கத்து ஊர்க் கழகமான உல்வர்ஹாம்ப்டன் வாண்டரர்ஸ் அவரை எதிர்பார்த்துக் காத்திருந்தது. அவரோ 1952-இல் மான்செஸ்டர் யுனைட்டெட் கழகத்தில் சேர்ந்தார். விலை கொடுத்துப் பேர்போன ஆட்டக்காரர்களை வாங்குவதைவிட, பள்ளிப் பிள்ளைகளைப் பிடித்து வளர்ப்பதே மேல் என்று நம்பியவர் அதன் மேலாளர் மாட் பஸ்பி. பந்தாட்டம் கைகொடுக்காவிட்டால் பிழைக்க வேண்டுமே என்று டங்கன் தச்சு வேலையும் கற்றுக்கொண்டார். உளியைப் பிடிக்கும் தேவை வரவில்லை. 1953 ஏப்ரல் 4-ஆம் நாள் கார்டிஃப் கழகத்துக்கு எதிராக அவர் முதன்முறையாக முதல் அணியில் இறங்கியபோது வயது பதினாறரை. அன்று அவருடைய அணி 4-1 என்று தோற்றது.

அந்நாளில் ஆட்டக்காரர்களை நிறுத்திக் கணக்கிடும் முறை வேறு. கோல் காப்பவருக்கு முன்னே இரண்டு பேக்குகள், அடுத்து மூன்று ஹாஃப் பேக்குகள், அதற்கும் முன்னே ஐந்து ஃபார்வர்டுகள். டங்கன் இடது ஹாஃப் பேக். இன்று நடுக்கள ஆட்டக்காரர் என்கிறோமே, ஏறக்குறைய அந்த வேலை. எதிரியிடமிருந்து பந்தைப் பறிக்க வேண்டும். பறித்ததை முன்னே இருப்பவனுக்குச் சேர்க்க வேண்டும். வாய்ப்பு வந்தால் தானே அடிக்கவும் வேண்டும். மூன்றையும் ஒருவரே செய்வது அரிது. அவர் செய்தார். இரண்டு காலாலும் ஒரேபோல் அடித்தார். தேவைப்பட்டபோது பின்வரிசைக்கும் போனார், முன்வரிசைக்கும் போனார். கழகத்துக்காக 177 ஆட்டங்கள் ஆடி 21 கோல்கள் போட்டார்.

1955 ஏப்ரல் 2-ஆம் நாள் வெம்பிளி மைதானத்தில் ஸ்காட்லாந்தை இங்கிலாந்து 7-2 என்று வென்றது. அந்த ஆட்டத்தில்தான் டங்கன் நாட்டுக்காக முதலில் ஆடினார். வயது 18 ஆண்டு 183 நாள். உலகப் போருக்குப் பின் அத்தனை இளம் வயதில் இங்கிலாந்துக்கு ஆடியவர் வேறில்லை. 1998-இல் மைக்கேல் ஓவன் வரும்வரை அப்படியே இருந்தது. வேடிக்கை என்னவென்றால், நாட்டுக்கு ஆடிய அதே பருவத்தில் அவர் தம் கழகத்தின் இளைஞர் அணிக்கும் ஆடினார். பெரியவர்களோடு மோதியவரைப் பிள்ளைகளோடு மோத விடுவது நியாயமா என்று பத்திரிகைகள் கேட்டன. எங்கே பந்து உருண்டாலும் ஓடிப்போய் ஆடுகிறவனைத் தடுப்பானேன் என்பது பஸ்பியின் எண்ணம்.

அத்தோடு கட்டாய ராணுவப் பணியும் வந்தது. இரண்டாண்டு, ஷ்ரூஸ்பரி அருகே முகாம். கழக ஆட்டம், நாட்டு ஆட்டம், ராணுவ ஆட்டம் எல்லாம் சேர்த்து ஒரே பருவத்தில் நூறு ஆட்டம் வரை ஆடினார் என்பார்கள். அந்த முகாமுக்குப் பின்னால் வந்து சேர்ந்தவர் பாபி சார்ல்ட்டன். அவருடைய கட்டில் மெத்தையில் ஒரு சுருள்கம்பி துருத்திக்கொண்டிருப்பதைப் பார்த்த டங்கன், கட்டிலையே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போய் வேறு கட்டில் கொண்டுவந்து போட்டாராம். பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்ற சார்ல்ட்டன், தமக்கு எப்போதும் தாழ்வு மனப்பான்மை தந்த ஒரே ஆட்டக்காரர் டங்கன்தான் என்று சொல்லி வந்தார்.

இவ்வளவு பெயர் வாங்கியவரின் சம்பளம் எவ்வளவு? ஆட்டக்காரனுக்கு இதற்கு மேல் தரக்கூடாது என்று உச்சவரம்பு இருந்த காலம் அது. வாரத்துக்கு 15 பவுன். மைதானத்துக்குச் சைக்கிளில் போய் வந்தார். ஒருமுறை விளக்கில்லாமல் ஓட்டிப் போலீசாரிடம் அகப்பட்டு அபராதம் கட்டினார். கழகமும் தன் பங்குக்குச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது.

1956-லும் 1957-லும் யுனைட்டெட் லீக் பட்டம் வென்றது. 1957-இல் எஃப்.ஏ. கோப்பையும் சேர்ந்தே கிடைத்திருக்கும். ஆனால் ஆஸ்டன் வில்லாவுடனான இறுதியாட்டத்தில் ஆறாம் நிமிடமே கோல்காப்பாளர் ரே உட்டின் கன்ன எலும்பு முறிந்தது. மாற்று ஆட்டக்காரரை இறக்க அன்று விதியில்லை. சென்டர் ஹாஃப் பிளாஞ்சிஃப்ளவர் கோல் காக்கப் போக, அவர் இடத்தை டங்கன் எடுத்துக்கொண்டார். 2-1 என்று தோல்வி. அதே ஆண்டு ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கான தேர்வில் அவர் மூன்றாம் இடத்தைப் பகிர்ந்துகொண்டார்.

1958 பிப்ரவரி 5-ஆம் நாள் பெல்கிரேடில் ரெட் ஸ்டார் கழகத்துடன் 3-3 என்று சமன் செய்து, ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதிக்கு யுனைட்டெட் தகுதி பெற்றது. மறுநாள் திரும்பும் வழியில் எண்ணெய் நிரப்ப விமானம் மியூனிக்கில் இறங்கியது. ஓடுபாதையில் பாதி உருகிய பனிச்சேறு. இருமுறை கிளம்ப முயன்று நின்றார்கள். இன்று புறப்பட மாட்டோம் என்று எண்ணிய டங்கன், விமானம் ரத்து, நாளை வருகிறேன் என்று தாம் குடியிருந்த வீட்டு அம்மையாருக்குத் தந்தி கொடுத்தார். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் மூன்றாம் முறை முயன்றார்கள். விமானம் எழும்பாமல் வேலியை உடைத்துக்கொண்டு போய் ஒரு வீட்டில் மோதியது. 44 பேரில் 23 பேர் இறந்தனர். அவர்களில் எண்மர் ஆட்டக்காரர்கள். தந்தி வீடு போய்ச் சேர்ந்தது அதற்குப் பின்னர்தான்.

எண்மரில் கடைசியாக இறந்தவர் டங்கன். கால் முறிந்து, விலா முறிந்து, சிறுநீரகம் சிதைந்த நிலையிலும் பதினைந்து நாள் போராடினார். செயற்கைச் சிறுநீரக இயந்திரம் வரவழைத்துப் பொருத்தினார்கள். அது நஞ்சைக் குறைத்தது. ஆனால் ரத்தம் உறையும் தன்மையையும் குறைத்தது. பார்க்கப் போன துணை மேலாளர் ஜிம்மி மர்ஃபியிடம் அவர் விசாரித்தது, சனிக்கிழமை உல்வர்ஹாம்ப்டன் ஆட்டம் எத்தனை மணிக்கு என்பது. பிப்ரவரி 21 விடியுமுன் உயிர் பிரிந்தது.

டட்லி கல்லறைத் தோட்டத்தில், தங்கையின் பக்கத்தில் அவரைப் புதைத்தார்கள். ஐயாயிரம் பேருக்கு மேல் தெருவில் நின்றனர். அங்குள்ள தேவாலயத்தில் பந்தாட்ட உடையில் அவர் உருவம் வண்ணக் கண்ணாடியில் இருக்கிறது. 1961-இல் பஸ்பி வந்து திறந்து வைத்தது. 1999-இல் ஊர்ச் சந்தையில் சிலையும் வைத்தார்கள். தொண்ணூறைத் தொட்ட தாய் அதைத் திறக்க இருந்தார்.

தந்தை கிளாட்ஸ்டன் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, அதே கல்லறைத் தோட்டத்தில் தோட்டக்காரராகச் சேர்ந்தார். மகன் அருகில் இருக்கவே வந்தார் என்று ஊரார் பேசிக்கொண்டனர். அவர் அதை ஒப்பவில்லை. தமக்குப் பூக்கள் பிடிக்கும், வெளிக்காற்றில் வேலை செய்ய ஆசை, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டார்.