எம்டனைத் தெரியும்... அதை ஓட்டிய கேப்டனைத் தெரியுமா?

பண்ருட்டி பலாப்பழ மண்டியில் ஒருத்தர் கறாராகப் பேரம் பேசி, சொன்ன விலையில் பாதிக்கு முடித்துவிட்டுப் போனால், ஆள் சரியான எம்டன் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வரும். எங்கள் தாத்தாவுக்கு பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் முதல் கந்துவட்டிக்காரர் வரை எல்லாருமே எம்டன்தான். 2006-ல் 'எம்டன் மகன்' என்று பெயர் வைத்த படம், 'எம் மகன்' என்று மாறி ரிலீஸ் ஆனது நினைவிருக்கலாம். மலையாளத்தில் இதே சொல் 'எமண்டன்' ஆகி, 'பிரம்மாண்டமான' என்ற அர்த்தத்துக்குப் போய்விட்டது.

எம்டன் என்பது ஒரு ஜெர்மன் போர்க்கப்பல், முதல் உலகப் போரில் சென்னை மீது குண்டு போட்டது. இதுவரை பலருக்கும் தெரியும். அதை ஓட்டி வந்தவரைப் பற்றித்தான் நாம் பெரிதாகப் பேசியதில்லை. இத்தனைக்கும் நாம் சொல்லும் அர்த்தத்தில் அவர் எம்டனே கிடையாது. கூச்ச சுபாவம், குறைவான பேச்சு, விட்டு விட்டு வரும் மலேரியா. இதுதான் கார்ல் வான் முல்லர்.

1873 ஜூன் 16 அன்று ஜெர்மனியின் ஹானோவர் நகரில் பிறந்தார். அப்பா ராணுவ அதிகாரி. மகன் 1891-ல் கடற்படையில் சேர்ந்தார். கிழக்கு ஆப்பிரிக்காவில் பணியில் இருந்தபோது பிடித்த மலேரியா, கடைசி வரை விடவில்லை. நடுவில் பெர்லினில் கடற்படை அலுவலகத்தில் ஃபைல் பார்க்கும் வேலை. 40 வயதை நெருங்கும்போது, 1913-ல், எம்டன் கப்பல் அவர் கைக்கு வந்தது. சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தில் அப்போது ஜெர்மனிக்கு ஒரு தளம் இருந்தது. எம்டன் நின்றது அங்கேதான்.

போர் தொடங்கியதும் அவர் முதலில் பிடித்தது ஒரு ரஷ்யக் கப்பலை. 1914 ஆகஸ்ட் 4 அன்று, ரியசான் என்ற தபால் கப்பலை மடக்கி சிங்தாவுக்கே கொண்டுபோனார். அதற்குப் பிறகு ஜெர்மன் கடற்படையின் கிழக்காசியப் படை மொத்தமும் பசிபிக் வழியாகக் கிளம்ப, முல்லர் அட்மிரல் ஷ்பேயிடம் ஒரு யோசனை சொன்னார். ஒரே ஒரு கப்பலைத் தனியாக இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பினால் பிரிட்டிஷ் வணிகத்தையே கலங்கடிக்கலாம் என்பது அவர் கணக்கு. அட்மிரல் ஒப்புக்கொண்டார். யோசனை சொன்னவரே போக வேண்டியதாயிற்று.

இங்கே ஒரு விஷயத்தை நெய்வேலிக்காரர்கள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்: நிலக்கரி. எம்டன் ஓடியது கரியில். இந்தியப் பெருங்கடல் முழுக்க பிரிட்டிஷ் துறைமுகங்கள். கரி நிரப்ப ஒரு இடம்கூட கிடையாது. கரி தீர்ந்தால் கப்பல் வெறும் மிதக்கும் இரும்பு. அதனால் எதிரிக் கப்பல்களைப் பிடித்து, அவற்றின் கரியை நடுக்கடலில் மூட்டை மூட்டையாக மாற்றினார்கள். இந்தியக் கரி ஏகப்பட்ட புகை விடும். தூரத்திலிருந்தே எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும். செப்டம்பர் இறுதியில் பியூரெஸ்க் என்ற கப்பல் 6,000 டன்னுக்கு மேல் தரமான வேல்ஸ் கரியோடு சிக்கியது. பிரிட்டிஷ் கடற்படைக்குப் போக வேண்டிய சரக்கு! முல்லருக்கு அது லாட்டரிதான்.

இன்னொரு தந்திரமும் உண்டு. எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள், பிரிட்டனின் யார்மவுத் போன்ற கப்பல்களுக்கு நான்கு. கித்தான் துணியில் போலியாக ஒரு நான்காவது புகைபோக்கியைச் செய்து நிறுத்தினார்கள். தூரத்தில் பார்ப்பவர்கள் நம்ம கப்பல்தான் என்று நினைத்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் விஷயம்.

செப்டம்பர் 22, இரவு 9.30 மணி சுமாருக்கு எம்டன் சென்னைக்கு வந்தது. போர்க்காலத்தில் நகரம் விளக்கெல்லாம் போட்டுக்கொண்டு பளிச்சென்று இருந்தது. துறைமுகத்தின் பர்மா ஆயில் கம்பெனி தொட்டிகள்தான் குறி. அரை மணி நேரத்தில் சுமார் 130 குண்டுகள். எண்ணெய் எரிந்த நெருப்பு வானத்தை வெளுத்தது. கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டும் கப்பலில் படவில்லை. உயர் நீதிமன்ற மதில் வரை குண்டு விழுந்தது. அங்கே இன்றும் ஒரு கல்வெட்டு இருக்கிறது. துறைமுகத்தில் நின்ற கப்பலில் இருந்தவர்கள் உட்பட குறைந்தது 5 பேர் இறந்தார்கள். கெட்டிக்காரக் கப்பல் என்று நாம் சிலாகிக்கும் கதைகளில் இவர்கள் பெரும்பாலும் வருவதே இல்லை.

அடுத்த நாட்களில் சென்னையிலிருந்து ஆயிரக்கணக்கானோர் மூட்டை முடிச்சோடு ஊரைக் காலி செய்தார்கள். எம்டனோ, நம் புதுச்சேரி, கடலூர் கரை நீளும் திசையில் தெற்கே இறங்கி இலங்கைப் பக்கம் போய்விட்டது.

இந்த இடத்தில் ஒரு சின்ன ஃபேக்ட் செக். புரட்சியாளர் செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்தார், குண்டு போட்டதே அவர்தான் என்று ஒரு வாட்ஸ்அப் ஃபார்வர்டு வருஷா வருஷம் சுற்றும். அதற்கு ஆதாரம் இல்லை. அந்தச் சமயத்தில் அவர் இருந்தது ஐரோப்பாவில்.

முல்லர் மீது எதிரிகளுக்கே மரியாதை வரக் காரணம், பிடித்த கப்பலில் இருந்தவர்களை அவர் நடத்திய விதம். ஆட்களை முதலில் பத்திரமாக இறக்கிவிட்டுத்தான் கப்பலை மூழ்கடிப்பார். கபிங்கா என்ற கப்பலில் கேப்டனின் மனைவியும் இருக்கிறார் என்று தெரிந்ததும், கைதிகளை அதிலேயே ஏற்றி கப்பலை விட்டுவிட்டார். மொத்தம் 16 பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களை, சுமார் 70,000 டன் அளவுக்கு, மூழ்கடித்தவரின் வழக்கம் இது.

ஆனால் பினாங்கில் நடந்தது வேறு. அங்கே செம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பல் நங்கூரமிட்டிருந்தது. ரஷ்ய மொழியில் 'முத்து' என்று அர்த்தம். இதன் ஜோடிக் கப்பல் இசும்ருத், அதாவது மரகதம். 1905-ல் ஜப்பானிடம் ரஷ்யா கப்பற்படையையே பறிகொடுத்த சுஷிமா போரில் இரண்டும் இருந்தன. தப்பி ஓடிய மரகதம் கரை தட்டி நிற்க, அதன் மாலுமிகளே அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள். முத்து மணிலாவுக்குத் தப்பியது. அவ்வளவு பெரிய அழிவில் பிழைத்த கப்பல் இது.

1914 அக்டோபர் 28 விடிகாலை. செம்சுக்கின் கேப்டன் செர்காசோவ் கப்பலிலேயே இல்லை, கரையில் ஹோட்டலில் தங்கியிருந்தார். வெடிமருந்தின் பெரும்பகுதி கீழே பூட்டிக் கிடந்தது. நான்கு புகைபோக்கிகளோடு ஒரு கப்பல் உள்ளே வந்தபோது யாரும் சந்தேகப்படவில்லை. நெருங்கியதும் எம்டன் ஜெர்மன் கொடியை ஏற்றியது. டார்பிடோ, சரமாரியாக பீரங்கி, மறுபடி ஒரு டார்பிடோ. செம்சுக் வெடித்து மூழ்கியது. 89 பேர் இறந்தார்கள். வெளியே வரும் வழியில் மூஸ்கே என்ற பிரெஞ்சு டெஸ்ட்ராயரும் போனது. அதில் தப்பியவர்களை எம்டனே தண்ணீரிலிருந்து தூக்கியது. செர்காசோவுக்கு ரஷ்ய ராணுவ நீதிமன்றம் மூன்றரை ஆண்டு சிறைத் தண்டனை கொடுத்தது.

12 நாட்கள்தான். நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் தந்தி நிலையத்தை உடைக்க முல்லர் 50 பேரை இறக்கினார். ஆனால் நிலைய ஊழியர்கள் அந்தக் கித்தான் புகைபோக்கியை அடையாளம் கண்டுகொண்டார்கள். உடனே அபாயச் செய்தி போனது. கொஞ்ச நேரத்தில் அடிவானில் புகை தெரிந்தது. கரி கொண்டுவரும் பியூரெஸ்க்தான் வருகிறது என்று எம்டனில் நினைத்தார்கள். வந்தது ஆஸ்திரேலியாவின் சிட்னி! வேகமும் அதிகம், பீரங்கியும் பெரிசு. மற்றவர்களை ஆள்மாறாட்டத்தில் ஏமாற்றியவர், எதிரி யாரென்று தப்பாக எடைபோட்டது அன்றைக்குத்தான். இறக்கிவிட்ட 50 பேரை ஏற்றவும் நேரமில்லை. கப்பல் மூழ்காமல் இருக்க பவளப் பாறையில் மோதி நிறுத்தினார். எம்டனில் 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், சிட்னியில் 4 பேர்.

மிச்சப் போர்க்காலம் முல்லருக்குச் சிறையில் போனது. முதலில் மால்டா, பிறகு இங்கிலாந்து. 1917-ல் இங்கிலாந்து முகாமிலிருந்து சுரங்கம் தோண்டி 21 பேரோடு தப்பித்து, மறுபடி பிடிபட்டார். மலேரியா முற்றியதால் 1918-ல் நெதர்லாந்துக்கு மாற்றப்பட்டு, அந்த அக்டோபரில் ஊர் திரும்பினார்.

எம்டன் பெயரைச் சொல்லி புத்தகம் எழுதியிருந்தால் நன்றாகவே விற்றிருக்கும். அவருடைய துணை அதிகாரி மூக்கே எழுதினார், விற்றது. முல்லர் மறுத்துவிட்டார். செத்துப்போன சக மாலுமிகளின் ரத்தத்தில் காசு பார்ப்பது போலத் தோன்றும் என்பது அவர் சொன்ன காரணம். இன்றைக்கு எதை எதையோ பாட்காஸ்ட் ஆக்கும் நமக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும்.

1920-ல் திருமணம், இரண்டு பெண் குழந்தைகள், பிரன்ஸ்விக் மாநில சட்டமன்றத்தில் கொஞ்ச காலம் உறுப்பினர் பதவி. 1923 மார்ச் 11 அன்று பிளாங்கன்பர்க் ஊரில் இறந்தார். வயது 49. மலேரியா அதற்குள் உடம்பைத் தின்றிருந்தது.

உயிர் பிழைத்த எம்டன் மாலுமிகள் தங்கள் குடும்பப் பெயரோடு 'எம்டன்' என்று சேர்த்துக்கொள்ள ஜெர்மனியில் அனுமதி கிடைத்தது. அவர்களின் பேரன் பேத்திகளும் அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள்.