உழவரின் உயிர் காத்த மூன்று கைகள்
டிராக்டர் மேதை பெர்குசன் கதை

பூந்தமல்லியைத் தாண்டி மேற்கே போனால், வயலில் டிராக்டர் உழுவதைப் பார்க்கலாம். அதன் பின்புறத்தைக் கவனியுங்கள். கீழே இரண்டு, மேலே ஒன்று என்று மூன்று இரும்புக் கைகள் இருக்கும். கலப்பையைத் தாங்குபவை அவைதான். டிரைவரின் உயிரைக் காப்பவையும் அவைதான்!

இந்த இணைப்பை உருவாக்கியவர் ஹாரி பெர்குசன்.

விவசாயி மகன்

அயர்லாந்தின் வட பகுதியில் டிரமோர் என்ற ஊருக்கு அருகே, 1884-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி பெர்குசன் பிறந்தார். தந்தை விவசாயி. உடன் பிறந்தவர்கள் 10 பேர்.

பண்ணை வேலை பெர்குசனுக்குப் பிடிக்கவில்லை. பெல்பாஸ்ட் நகரில் அண்ணன் நடத்திய மோட்டார் பட்டறையில் சேர்ந்தார். சொந்தமாக ஒரு விமானம் செய்து, 1909-ம் ஆண்டு டிசம்பர் 31-ந் தேதி பறந்து காட்டினார். அயர்லாந்தில் முதன் முதலாக விமானம் ஓட்டியவர் அவரே.

எமனாக வந்த எந்திரம்

முதல் உலகப் போரின்போது உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டியிருந்தது. 1917-ல், அயர்லாந்தில் உள்ள டிராக்டர்களை மேற்பார்வையிடும் பொறுப்பு பெர்குசனிடம் தரப்பட்டது. ஊர் ஊராகச் சென்றார்.

அப்போது கலப்பையை வண்டிபோலப் பின்னால் கட்டி இழுத்தார்கள். கலப்பை பாறையில் சிக்கினால், டிராக்டரின் முன்பக்கம் மிரண்ட குதிரைபோல எழும்பும். அப்படியே பின்புறமாகக் கவிழ்ந்து டிரைவரை நசுக்கிவிடும்.

பூட்டும் இடத்தில்தான் கோளாறு என்று பெர்குசன் கண்டார். பின் அச்சுக்கு முன்னால், வண்டியின் அடியில் கலப்பையைப் பூட்டினார். இழுக்க இழுக்க முன்சக்கரங்கள் தரையில் அழுந்தின. ஆனால் அந்த ரக வண்டி நிலைக்கவில்லை.

அவர் விடவில்லை. பல ஆண்டு உழைப்புக்குப் பின் மூன்று கை இணைப்பு உருவாயிற்று. மண் கலப்பையைத் தடுக்கும்போது, மேல் கை டிராக்டரை முன்னோக்கித் தள்ளும். முன்பக்கம் எழும்பாது. கலப்பையை எண்ணெய் அழுத்தமே தூக்கி இறக்கும். கனமான டிராக்டர் செய்த வேலையைச் சிறிய டிராக்டர் செய்தது.

கை குலுக்கினார்கள்

1938-ல் பெர்குசன் அமெரிக்கா சென்று, மோட்டார் மன்னர் ஹென்றி போர்டிடம் தன் டிராக்டரை ஓட்டிக் காட்டினார். போர்டு வியந்தார். இருவரும் கை குலுக்கினார்கள். அதுதான் ஒப்பந்தம். பத்திரம் கிடையாது!

1939-ல் புதிய டிராக்டர் வந்தது. சுமார் 3 லட்சம் டிராக்டர்கள் தயாராயின. பிறகு போர்டின் பேரன் பொறுப்புக்கு வந்தார். 1947-ல் உறவு முறிந்தது. ஆனால் அதே இணைப்புடன் போர்டு கம்பெனி டிராக்டர் விற்றது.

பெர்குசன் வழக்குப் போட்டார். 1952-ல் சமரசம் ஏற்பட்டது. போர்டு கம்பெனி 92½ லட்சம் டாலர் கொடுத்தது.

சென்னையில்

இதற்கிடையே, 1946 முதல் இங்கிலாந்தின் கவென்டரி நகரில் பெர்குசனின் டிராக்டர்கள் தயாராயின. 5 லட்சத்துக்கு மேல் விற்றன. 1953-ல் அவருடைய தொழில், மாஸி ஹாரிஸ் கம்பெனியுடன் இணைந்தது.

1960-ம் ஆண்டு அக்டோபர் 25-ந் தேதி பெர்குசன் காலமானார். வயது 75.

அதே ஆண்டில், மாஸி பெர்குசன் கம்பெனியின் கூட்டுறவுடன் சென்னையில் 'டாபே' நிறுவனம் தொடங்கப்பட்டது. அம்பத்தூருக்குக் கிழக்கே, செம்பியத்தில் தொழிற்சாலை எழுந்தது. அங்கிருந்து, பெர்குசன் பெயர் தாங்கிய டிராக்டர்கள் தமிழ்நாட்டு வயல்களில் இறங்கின. எந்தக் கம்பெனி டிராக்டராக இருந்தாலும், இன்று அதன் பின்னால் இருப்பது அவருடைய மூன்று கைகளே.