குயவர் மகனுக்காகக் கலைக்கப்பட்ட கிளப்



சர்வாதிகாரி என்றால் நமக்கு ஹிட்லர்தான் நினைவுக்கு வருவார். வங்காளத்தில் அது ஒரு குடும்பப் பெயர். அந்தக் குடும்பத்தில் பிறந்த நாகேந்திர பிரசாத் சர்வாதிகாரியை இந்தியக் கால்பந்தின் தந்தை என்கிறார்கள்.

இவர் பிறந்தது 1869 ஆகஸ்ட் 27, கல்கத்தாவில். தந்தை சூரியகுமார் பெயர் பெற்ற மருத்துவர். 1877ல் ஒருநாள் தாயாருடன் வண்டியில் கங்கைக்கு நீராடப் போகும் வழியில், மைதானத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பந்து உதைத்து விளையாடுவதைப் பார்த்தான் சிறுவன் நாகேந்திரன். இறங்கி ஓரமாக நின்றான். பந்து அவன் பக்கம் உருண்டு வந்தது. கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, ஓர் உதை உதைத்துத் திருப்பி அனுப்பினான்.

அவன் படித்தது ஹேர் பள்ளியில். ஸ்காட்லாந்திலிருந்து கடிகாரத் தொழிலுக்காகக் கல்கத்தா வந்து, அங்கேயே தங்கிவிட்ட டேவிட் ஹேர் உருவாக்கிய பள்ளி அது. வகுப்புத் தோழர்களிடம் காசு வசூலித்துக் கடையில் பந்து வாங்கினான். வாங்கி வந்ததோ நீள்வட்ட ரக்பி பந்து! பையன்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. பக்கத்துப் பிரசிடென்சி கல்லூரிப் பேராசிரியர் ஸ்டாக் இதைக் கவனித்து, சரியான பந்து கொடுத்து ஆட்ட விதிகளையும் சொல்லிக்கொடுத்தார்.

அதே காலத்தில் அமெரிக்காவிலும் கால்பந்து வேர்விட்டது. நியூஜெர்சி மாநிலத்தின் கியர்னி ஊர் நூல் ஆலைக்குப் பிழைக்க வந்த ஸ்காட்லாந்துக்காரர்கள் அதைக் கொண்டுபோனார்கள். அந்த ஆலை அணிதான் 1885ல் முதல் அமெரிக்கக் கோப்பையை வென்றது. அங்கே குடியேறியவர்களே ஆடினார்கள். இங்கே சிப்பாய்கள் ஆடியதை நம்மவர் ஆட்டமாக்க ஒருவர் தேவைப்பட்டார். அந்த வேலையை நாகேந்திரர் செய்தார். பாய்ஸ் கிளப், வெலிங்டன் கிளப் என்று வரிசையாகச் சங்கங்கள் தொடங்கினார்.

களிமண்ணும் பீங்கானும் பலருக்குச் சோறு போடும் நம் விருத்தாசலத்தில் இருப்பவர்கள், அடுத்து நடந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும். மோனி தாஸ் என்ற இளைஞரை வெலிங்டன் கிளப்பில் சேர்க்க விரும்பினார் நாகேந்திரர். அவர் ஒரு குயவர் மகன். மேல்சாதி உறுப்பினர்கள் சிலர் எதிர்த்தார்கள். நாகேந்திரர் சமாதானம் பேசிக்கொண்டிருக்கவில்லை. தான் வளர்த்த கிளப்பையே கலைத்துவிட்டார். பிறகு சோவாபஜார் கிளப்பைத் தொடங்கி, மோனி தாஸை அதில் உறுப்பினராக்கினார். இத்தனைக்கும் இவர் சோவாபஜார் அரச குடும்பத்தில் பெண் எடுத்தவர். மேல்சாதியாரை அனுசரித்துப் போயிருந்தால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

அந்த சோவாபஜார் அணிதான் 1892ல் டிரேட்ஸ் கோப்பைப் போட்டியில் ஈஸ்ட் சர்ரே படைப்பிரிவு அணியை 2-1 என்று தோற்கடித்தது. வெள்ளைக்கார அணியை இந்திய அணி வென்றது அப்போது பெரிய செய்தி. மறுவருடம் இந்தியக் கால்பந்து சங்கம் உருவானதிலும் இவருக்குப் பங்கு உண்டு. 1911ல் மோகன் பகான் அணியில் ஒருவரைத் தவிர மற்றவர்கள் வெறுங்காலோடு ஆடி, ஈஸ்ட் யார்க்ஷயர் படைப்பிரிவை வென்று ஷீல்டு வாங்கினார்களே, அதற்குப் பாதை போட்டவர் இவர்தான். 1940 ஜனவரி 17 அன்று காலமானார். 2021ல் இவர் கதை 'கோலந்தாஜ்' என்ற வங்காளப் படமாக வந்தது.

மாலையில் நம் வளாகத்தில் பிள்ளைகள் பந்து விளையாடுகிறார்கள். வாட்ச்மேன் வீட்டுப் பையனும், வீட்டு வேலைக்கு வரும் அம்மாவின் மகளும் பெரும்பாலும் சுவரோரம் நின்று வேடிக்கைதான் பார்க்கிறார்கள். ஆண்டு விழாப் போட்டிக்கு அணி பிரிக்கும்போது அவர்கள் பெயரையும் பட்டியலில் எழுத வேண்டும் என்று சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சங்க உறுப்பினர்