ஒபோபோ வேந்தர் ஜாஜா

ஆப்பிரிக்காக் கண்டத்தின் மேற்குக் கரையில் நைகர் என்னும் பேராறு பல கிளைகளாகப் பிரிந்து கடலிற் கலக்குமிடம் முழுவதும் சதுப்பு நிலமும் கண்டற் காடுமாகக் காணப்படும். உழுது பயிரிட அங்கே இடம் மிகக் குறைவு. அப்பிரதேசத்தில் வாழ்ந்த இஜா இனத்தார் முதலில் மீனும் உப்பும் கொடுத்து உள்நாட்டாரிடம் கிழங்கு மாற்றிப் பிழைத்தனர். ஐரோப்பியக் கப்பல்கள் வரத் தொடங்கியபின் அக்கப்பல்களுக்கும் உள்நாட்டுச் சந்தைகளுக்கும் நடுவே நின்று வாணிகம் புரிந்து, போனி முதலிய சிறு பட்டினங்களைச் செல்வம் கொழிக்கும் துறைமுகங்களாக்கினர். அந்தப் போனிக்குப் பன்னிரண்டு வயதளவில் அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஓர் இக்போச் சிறுவன், ஐம்பது வயதை எட்டும்போது தனி அரசொன்றை நிறுவி, ஆங்கில வணிகரைத் தன் நிபந்தனைகளுக்கு இணங்கச் செய்தான். அவரே ஜாஜா என்னும் பெயரால் சரித்திரத்தில் விளங்கும் ஒபோபோ வேந்தர்.

அவர் 1821-ஆம் ஆண்டையொட்டி இக்போ நாட்டில் அமாய்க்போ என்னும் ஊர்ப்புறத்திற் பிறந்தவர். இக்போ மக்களுக்குப் பெரும்பாலும் முடியரசர் இல்லை. ஊர்ப் பெரியோர் கூடிப் பேசித் தீர்மானிப்பதே வழக்கம். அக்காலத்தில் அவர்களுள் ஒருவரை நீர் யார் என்று வினவினால் தம் ஊரையும் குலத்தையும் சொல்வாரேயன்றி இக்போ என்று சொல்லார். அப்பெயர் அனைவரையும் ஒன்றாகப் பிணைக்கும் பெயராய் உரம்பெற்றது இருபதாம் நூற்றாண்டில்தான். சிறுவனுக்கு மேற்பல் முதலில் முளைத்ததாகவும், அது குலத்துக்கு ஆகாது என்று அவனை விற்றுவிட்டதாகவும் ஒரு கதை வழங்குகிறது. காரணம் யாதாயினும், 1807-இல் ஆங்கிலேயர் தம் குடிகளுக்கு அடிமை வாணிகத்தைச் சட்டத்தால் தடை செய்து கால் நூற்றாண்டு சென்றபின்னரே இவ்விற்பனை நிகழ்ந்தது என்பதை அன்பர்கள் கவனிக்க வேண்டும். கடல் கடந்து போகும் அடிமைகளின் தொகை குறையக் குறையப் போனியின் படகுகளுக்குத் துடுப்பிடும் ஆட்கள் மிகுதியாகத் தேவைப்பட்டனர்.

அப்படகுகள் சுமந்து வந்த சரக்கு எண்ணெய். நம் நாட்டுப் பனை எண்ணெய் தராது. ஆப்பிரிக்காவில் வளரும் செம்பனையோ குலைகுலையாகச் சிவந்த பழம் தரும். அப்பழத்தை வேகவைத்து இடித்துப் பிழிந்தால் வருவதே இன்று நியாயவிலைக் கடைகளில் நாம் பாமாயில் என்று வாங்கும் எண்ணெய். இங்கிலாந்தில் ஆலைகள் பெருகிய காலத்தில் இயந்திரங்களுக்குப் பூசவும், சவர்க்காரமும் மெழுகுவர்த்தியும் செய்யவும் இது கப்பல் கப்பலாக வேண்டப்பட்டது. அதனை லிவர்ப்பூல் நகரத்து வணிகர் போனித் துறையிற் பாய்மரம் களைந்து நிறுத்திய பழங்கப்பல்களில் இருந்துகொண்டே வாங்கினர். உள்நாட்டுக்குச் செல்லும் துணிவும் உரிமையும் அவர்களுக்கு அன்று இல்லை.

இனி, போனியில் ‘வீடு’ என்று வழங்கிய அமைப்பு இன்னதென்று அறியாவிடில் ஜாஜாவின் சரிதம் விளங்காது. வீடு என்பது சுவரும் கூரையும் உள்ள மனையன்று. ஒரு தலைவர், அவர் மக்கள், உறவினர், விலைக்கு வாங்கப்பட்டோர், அவர்தம் சந்ததியார் யாவரும் சேர்ந்த வாணிகக் குடும்பம் அது. போர்ப்படகு ஒன்றை ஆளும் ஆயுதமும் இட்டு நடத்த வல்லதாயின் அது தனி வீடென மதிக்கப்பட்டது. நாம் பங்காளிகள், வகையறா என்று பேசுகிறோம். அவற்றிற் பிறந்தாலன்றி ஒருவன் சேர இயலாது. போனியிலோ விலைக்கு வந்தவன் இபானி மொழியைக் கற்று, அவ்வூர் வழக்கங்களை மேற்கொண்டு, வீட்டாருள் ஒருவனாய் எண்ணப்பட்டான். திறமை இருப்பின் தலைவர் இறந்தபின் அவர் இடத்துக்கே தேர்ந்தெடுக்கப்படவும் கூடும். இதனைக் கேட்டு அவ்வமைப்பை மிகப் புகழ்ந்துவிடலாகாது. துடுப்புப் பிடித்தே மாண்டவர் எண்ணிறந்தவர். மேலும் ஒரு வரம்பு எவராலும் கடக்க இயலாததாக நின்றது. எவ்வளவு பொருள் ஈட்டினாலும், அடிமையாய் வந்தவனுக்குப் போனியின் அரசுக்கட்டில் கிட்டாது; அது பெப்பிள் மரபினருக்கே உரியது.

சிறுவனை முதலில் வாங்கிய தலைவர், அவன் அடங்காதவன் என்று கண்டு, ஆன்னா பெப்பிள் வீட்டுத் தலைவருக்குக் கொடுத்துவிட்டார். அங்கே அவனுக்கு ஜுபோ ஜுபோகா என்று பெயராயிற்று. வெள்ளையர் அதனை ஜாஜா என்று சுருக்கினர். துடுப்பிடுவோனாகத் தொடங்கி, சிறுகச் சிறுகத் தன் கணக்கிலும் வியாபாரம் செய்து, சொன்ன சொல் தவறாதவர் என்று உள்நாட்டுச் சந்தைகளிலும் வெள்ளையர் கப்பல்களிலும் ஒருங்கே நம்பிக்கை பெற்றார்.

அவ்வியாபாரத்துக்கு நம்பிக்கையே முதல். வெள்ளை வணிகர் துணி, உப்பு, புகையிலை, சாராயம், துப்பாக்கி, வெடிமருந்து ஆகியவற்றைக் கடனாகக் கொடுப்பர். போனி வியாபாரி அவற்றை ஆற்று வழியே கொண்டு சென்று விற்று, மாதங்கள் பல கழித்து எண்ணெயாகத் திருப்பித் தருவார். 1863-இல் ஆன்னா பெப்பிள் வீட்டின் தலைவர் அலாலி இறந்தபோது அவ்வீட்டின்மேல் 10,000 முதல் 15,000 பவுன் வரை கடன் நின்றது. தலைமை என்பது அக்கடனைத் தலையில் ஏற்பதாகவே முடிந்தமையால், முன்வரத் தகுந்தவர்கள் ஒவ்வொருவராகப் பின்வாங்கினர். ஜாஜா ஏற்றுக்கொண்டார். இரண்டே ஆண்டுகளிற் கடன் முழுவதும் தீர்ந்தது என்பர். இதன்பின் கடனால் நலிந்த சிறு வீடுகள் பல அவர் நிழலை நாடி வந்தன; அவற்றுள் யாரைச் சேர்ப்பது, யாரை விடுவது என்பதில் அவர் மிகக் கூர்மையாக இருந்தார். வாணிகர் பலர் செல்வராகின்றனர். பிறர் கடனைச் சுமந்து பெரியவரானோர் சிலரே.

இவ்வளர்ச்சி போனியின் மற்றொரு பெருங் கிளையான மணிலா பெப்பிள் வீட்டுக்குப் பொறுக்கவில்லை. அதன் தலைவர் ஓகோ ஜம்போவும் அடிமை நிலையிலிருந்து உயர்ந்தவரே என்பது வியப்பு. அரசரான ஜார்ஜ் பெப்பிள் கிறிஸ்து மதம் தழுவியவர். 1867-இல் போனியார் தாங்கள் தெய்வமாகப் போற்றிவந்த உடும்பின் வழிபாட்டைக் கைவிட்டனர். ஜாஜாவோ பழைய வழிபாட்டை விடாதவர். 1869-இன் தொடக்கத்தில் ஒரு பெருந்தீ ஆன்னா பெப்பிள் வீட்டின் பொருளையும் வெடிமருந்தையும் அழித்தது. அவ்வாண்டு செப்டம்பரில் இருதிறத்தாருக்கும் போர் மூண்டது. போரில் தம் பக்கம் வலி குன்றியதை உணர்ந்த ஜாஜா சமாதானம் பேசிக்கொண்டே, தம் மக்களையும் படகுகளையும் கிழக்கேயுள்ள ஆண்டோனியர் நாட்டுக்கு நகர்த்திவிட்டார். தோற்றோடியவர் என்று போனியார் எண்ணியிருப்பர். ஆனால் அவர் சென்று அமர்ந்த இடம் இமோ ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டியது. அக்வெட்டே, ஒஹாம்பெலே முதலிய எண்ணெய்ச் சந்தைகளுக்குப் படகு போகும் வழியை அடைத்து நின்றது. சந்தையிழந்த போனி வாடிற்று. போனியின் 18 வீடுகளில் 14 ஜாஜாவைப் பின்தொடர்ந்தன. 1870 டிசம்பரில் ஒபோபோ தனியரசென்று அறிவிக்கப்பட்டது. வெள்ளையர் கம்பெனிகளும் ஒவ்வொன்றாய்ப் பின்னே வந்தன. 1873-இல் ஆங்கில அரசாங்கம் உடன்படிக்கை செய்து அவரை ஒபோபோவின் அரசர் என ஏற்றது. போனியில் அடைய முடியாதிருந்த அரசுக்கட்டில் இவ்வாறு வேறொரு தீவிற் கிட்டிற்று.

அடுத்த பதினைந்து ஆண்டுகள் அவர் கண்டிப்பாக ஆண்டார். வெள்ளையர் கரையோரத்தைத் தாண்டி உள்நாட்டுச் சந்தைக்குச் செல்லலாகாது. வாங்கும் எண்ணெய்க்கு உரிய தீர்வையை அரசருக்குச் செலுத்த வேண்டும். இவை அவர் விதிகள். ஆஷாந்தி யுத்தத்தில் ஆங்கிலேயருக்கு உதவியாகத் தம் படைவீரரை அனுப்பியதற்காக விக்டோரியா மகாராணி 1875-இல் அவருக்கு ஒரு வாள் பரிசளித்தார். பாதிரிமார்களை அவர் அணுகவிடவில்லை. ஆயினும் கல்வியின் பயனை நன்கறிந்தவர். ஒரு மகனை ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகருக்குப் படிக்க அனுப்பினார். அமெரிக்காவிற் பிறந்த ஆப்பிரிக்க வமிசத்துப் பெண்மணி எம்மா ஒயிட் என்பாரை அழைத்துத் தம் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கவும் பள்ளிக்கூடம் நடத்தவும் வைத்தார். இலண்டனுக்கு அரசர் எழுத வேண்டிய மறுப்புக் கடிதங்கள் நாளடைவிற் பெருகின.

நிறைகளை மட்டும் கூறிச் செல்வது நேர்மையாகாது. ஒருகால் விலைக்கு விற்கப்பட்ட இவரே பின்னர் அடிமைகள் பலரை உடையவராயிருந்தார். 1881-இல் குவா இபோ ஆற்று மக்கள் வாட்ஸ் என்ற ஆங்கில வியாபாரியுடன் நேரே வாணிகம் செய்தனர் என்பதற்காகப் படகுப் படையுடன் சென்று அவர்கள் ஊர்களை அழித்து மக்களைச் சிறைகொண்டு வந்தார். தம் வழியே அன்றிச் சரக்குப் போகலாகாது என்பதே அவர் கருத்து. வெள்ளையர் தம்மைத் தாண்டிப் போவதைத் தடுத்த அதே பிடிவாதம், எளிய அயலார்மேல் விழும்போது கொடுமையாயிற்று. இதனை அவரைப் புகழ்வோர் பலர் விரைந்து கடந்துவிடுகின்றனர்.

1884-இல் ஹியூவெட் என்னும் கான்சல் அக்கரை முழுவதும் பாதுகாப்பு உடன்படிக்கைகளை எடுத்துவந்தார். மற்ற தலைவர்கள் கையெழுத்திட்டபோது ஜாஜா, பாதுகாப்பு என்றால் என்ன பொருள் என்று எழுத்திற் கேட்டார். அவர் நாட்டையோ சந்தைகளையோ எடுத்துக்கொள்ளும் எண்ணம் மகாராணியாருக்கு இல்லை என்று கான்சல் எழுதிக்கொடுத்தார். அதன்பின்னும் ஜாஜா, எல்லாரும் எங்கும் தடையின்றி வாணிகம் செய்யலாம் என்ற பகுதியை அடித்தபின்னரே கையெழுத்திட்டார். எழுத்தறியாத காலத்தில் துடுப்பிட்டு வளர்ந்த ஒருவர் பத்திரத்தின் ஒவ்வொரு வரியையும் நிறுத்துப் பார்த்த இச்செய்தி, அவர் போர்களைக் காட்டிலும் என் மதிப்பில் உயர்ந்து நிற்கிறது.

ஆயினும் அப்பத்திரம் அவரைக் காக்கவில்லை. அக்காலத்தில் எண்ணெய் விலை வீழ்ந்தது. வெள்ளையர் கம்பெனிகள் தமக்குள் கூடி விலையைக் குறைத்துக் கேட்டன. ஜாஜா எண்ணெயைத் தாமே நேரே இங்கிலாந்துக்கு ஏற்றுமதி செய்தார். கிளாஸ்கோவைச் சேர்ந்த மில்லர் சகோதரர் கம்பெனியொன்றுடன் தனியே ஏற்பாடும் செய்துகொண்டார். ஏனையோர் தீர்வை கட்ட மறுத்து, தடையற்ற வாணிகத்துக்கு ஜாஜா இடையூறு என்று கான்சலிடம் முறையிட்டனர். தாங்கள் ஒன்றுகூடி விலை கட்டியதை அவர்கள் எப்பெயரால் அழைத்தனரோ!

1887-இல் தற்காலிகக் கான்சலாக வந்தவர் ஹாரி ஜான்ஸ்டன், வயது 29. அரசர் தம் தூதரை இலண்டனுக்கு அனுப்பி நியாயம் கேட்டுக்கொண்டிருந்தார். செப்டம்பரில் ஜான்ஸ்டன், வந்து பேசித் தடையின்றித் திரும்பிச் செல்லலாம் என்று உறுதியளித்து அவரை அழைத்தார். வந்தவுடன் வேறு சொல் கூறினார்: விசாரணைக்கு அக்ரா நகருக்கு இணங்கிப் போக வேண்டும், இல்லையேல் துறையில் நின்ற கோஷாக் என்னும் போர்க்கப்பலின் பீரங்கிகள் ஊரைத் தகர்க்கும். சிந்திக்க அளித்த அவகாசம் ஒரு மணி நேரம். ஊரைக் காக்க ஜாஜா கப்பலேறினார். அக்ராவில் கடற்படைத் தளபதி ஹண்ட்-கிரப் விசாரித்து, ஆண்டுக்கு 800 பவுன் படியுடன் அவரை நாடு கடத்தத் தீர்ப்பளித்தார். இங்கிலாந்தின் பிரதம மந்திரி சால்ஸ்பரி பிரபுவே, இச்செயல் வேறிடங்களில் ஆட்கடத்தல் என்று பெயர்பெறும் என்னும் கருத்துப்படக் குறித்திருக்கிறார். ஆயினும் அதனை மாற்ற முயலவில்லை.

மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான செயின்ட் வின்சென்டில் அவர் வைக்கப்பட்டார். உடல் நலிந்தது. பிறகு பார்படோஸ் தீவுக்குச் சென்றபோது, அடிமைகளின் வழித்தோன்றல்களான அவ்வூர் மக்கள் ஆப்பிரிக்க அரசர் ஒருவரைக் காணத் திரண்டனர். அவரைப்பற்றிய நாட்டுப்பாடல் ஒன்று அங்கே வழங்கிற்று. திரும்பிச் செல்ல அனுமதி ஒருவாறு கிடைத்தது. ஆயினும் 1891 ஜூலையில், ஊர் போய்ச் சேருமுன், டெனெரிப் தீவில் அவர் உயிர் நீத்தார். அங்கே புதைக்கப்பட்ட உடல் பின்னர்த் தோண்டி எடுக்கப்பட்டு ஒபோபோவுக்குக் கொண்டுவரப்பட்டது. 1903-இல் ஊரார் பொருள் திரட்டி அவருக்குச் சிலை நிறுவினர்.

பலவகை இனத்தாரை ஒன்றாக்கி ஆங்கிலேயர் 1914-இல் அமைத்த நைஜீரியாவில் ஒபோபோவும் அடங்கிற்று. இன்று அது ரிவர்ஸ் மாநிலத்தைச் சேர்ந்தது. இபானி, இக்போ ஆகிய இரு மொழிகளும் அங்கே வழங்குகின்றன. 1967 முதல் 1970 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இக்போ மக்களின் பயாபிரா அரசு வீழ்ந்தபின், கரையோரத்தார் பலர் இக்போ என்ற பெயரை விட்டு விலகி நிற்க விரும்பினர். ஆகவே ஜாஜா எங்கள் இக்போ மகன் என்போரும், அவர் இபானி அரசர் என்போரும் வழக்கிடுகின்றனர். அவர் காலத்து முறைப்படி விடை கூறின், அவர் ஆன்னா பெப்பிள் வீட்டார். அவ்வீடு போனியை முன்னாளில் ஆண்ட ஓபுபு என்னும் வேந்தரின் வழியாக வளர்ந்தது. ஜாஜாவுக்கும் அவ்வேந்தருக்கும் இரத்தத் தொடர்பு இல்லை. சிறுவன் போனிக்கு வருமுன்னரே, 1830-இல், வேந்தர் இறந்துவிட்டார். ஆயினும் தாம் நிறுவிய பட்டினத்துக்குப் பெயரிட வேண்டியபோது, ஜாஜா பிறந்த ஊரின் பெயரையோ தம் பெயரையோ இடாமல், அவ்வேந்தர் பெயரையே எடுத்து ஒபோபோ என்று வழங்கினார்.